களப்போர அறைக்கு எந்தச் சாம்பல்?

கற்பிட்டித் தீபகற்பத்தில் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரு பக்க நீரும் வெயிலை வாங்கி வீட்டுக்குள் எறிகின்றன. இங்கே சாம்பல் நிறத்தைக் கடையின் ரியூப் லைற் வெளிச்சத்தில், நிற அட்டையை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்வது பிழை என்றே சொல்வேன். பெரும்பாலான சாம்பல்களில் நீலமோ பச்சையோ மஞ்சளோ ஒளிந்திருக்கும். வெளிச்சம் அதை வெளியே இழுத்துவிடும். வடக்கு யன்னல் அறைக்குப் பல மாதங்கள் வானத்தின் நீல ஒளிதான். அங்கே நீலச் சாம்பல் பூசினால் சுவர் களையிழந்து போகும், சற்று மஞ்சள் கலந்ததே பொருந்தும். மேற்கு அறையிலோ பின்னேர வெயிலே மஞ்சளாக வரும். நீலம் கலந்த வெளிர் சாம்பலைத் தயங்காமல் எடுக்கலாம். இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் பின்னேரமும் இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும் பாருங்கள். அதற்கும் முன்னர் சுவரைக் கவனியுங்கள். அதில் பூசும் புத்தளம் பாலாவித் தொழிற்சாலைச் சீமெந்தும், இரும்புச் சேர்வைகளால், சாம்பல்தான். அந்தப் புதுப்பூச்சை ஒரு மாதமாவது காயவிடுங்கள். ஈரம் தங்கினால் உப்புப் பூத்து, அடர் சாம்பலில் வெண்திட்டாகத் தெரியும். இந்தக் கரையோர வீடுகளுக்கு வெளிர் சாம்பலையே நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.