ஜோவுக்கு மட்டும் தெரியாது

2018-இல் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு காதல் படங்கள் வந்தன. செப்டம்பர் 28 அன்று மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. அக்டோபர் 4 அன்று பிரேம்குமாரின் '96'. இரண்டிலும் மனசில் இருப்பதைச் சொல்லாத ஓர் ஆண். ராமின் மௌனத்துக்குத் தமிழ்நாடே உருகியது. பரியனின் மௌனத்தையும் அதே தட்டில் வைத்து, "என்ன பக்குவம், என்ன கண்ணியம்" என்று இன்றுவரை ரீல்ஸ் போடுகிறார்கள். இந்த இரண்டாவது பாராட்டு ஒரு மோசடி.

ராம் ஏன் சொல்லவில்லை? கூச்சம். அப்புறம் அப்பாவின் கடனால் குடும்பமே தஞ்சாவூரை விட்டுப் போனது. அப்புறம் ஒரு தவறான புரிதல். எல்லாம் கைவிட்டுப் போன பிறகு ஜானுவோடு ஓர் இரவு முழுக்கச் சென்னையில் சுற்றுகிறான். யாரும் காரில் துரத்தி வரவில்லை. விடிந்தால் கிளம்பிவிடும் சிங்கப்பூர் விமானம் ஒன்றுதான் அவர்களுக்கு எதிரி. அந்தக் காதல் பொய் என்று நான் சொல்லவில்லை. சாதி குறுக்கே வராத இடத்தில்தான் மௌனம் வெறும் ஏக்கமாக இருக்க முடியும் என்கிறேன்.

பரியனுக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஜோ தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். போகிறான். ஓர் அறைக்குள் அடைத்து அடிக்கிறார்கள். முகத்தில் சிறுநீர் கழிக்கிறார்கள். அவளுடைய அப்பாவே அவனிடம் கெஞ்சுகிறார், விலகிப் போய்விடு, இல்லாவிட்டால் உன்னோடு என் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று. அதன் பிறகு ஜோவைப் பார்க்கும்போது அவன் நடந்ததைச் சொல்வதில்லை. இதற்குப் பெயர் பக்குவமா? இது அடித்து வரவழைத்த மௌனம். அடித்தவர்கள் யார் என்று படத்திலேயே தெரிகிறது. அவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கியவனின் பொறுமைக்கு மாலை போடுகிறோம்.

கடைசியில் அவன் அந்த அப்பாவிடம் பேசுவதைக் கவனியுங்கள். உங்கள் மகளைக் காதலிக்கிறேனா என்று எனக்கே தெரிவதற்குள் அடித்துவிட்டீர்களே என்ற பொருளில் சொல்கிறான். 'சொல்லாத காதல்' என்று நாம் எழுதுகிறோம். அங்கே அந்த உணர்வு முளைவிடவே விடவில்லை.

சினிமாதானே என்று கடந்துபோக முடியாது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று நம்பவைக்கப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் அது கொலை என்று சொல்லி, யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. படத்தில் கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் மாற்றும் கிழவரை மாரி செல்வராஜ் கற்பனையில் இருந்து மட்டும் எடுக்கவில்லை. கருப்பியைக் கட்டிப்போட்டதும் தண்டவாளத்தில்தான், பரியனைக் கொல்லப் பார்த்ததும் தண்டவாளத்தில்தான். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டபோது தண்டவாளம்கூடத் தேவைப்படவில்லை. பட்டப்பகலில் தெருவிலேயே வெட்டினார்கள்.

இப்போது ஜோவிடம் வருவோம். விமர்சகர்களுக்கு அவள் தேவதை, வெள்ளை மனசு. அப்பாவுக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியும், அதே வகுப்பில் படிக்கும் சங்கரலிங்கத்துக்குத் தெரியும், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் தெரியும். ஜோவுக்கு மட்டும் தெரியாது. படம் முடியும்போதும் தெரியாது. அவள் தன் அப்பாவைத் தொடர்ந்து நேசிக்க வேண்டும் என்பதற்காக, அந்த அறையில் நடந்ததை எல்லாம் பரியன் விழுங்குகிறான். அவளுடைய வெள்ளை மனசுக்கான செலவை அவன்தான் கட்டுகிறான்.

கடைசி ஃபிரேமில் இரண்டு கண்ணாடி டம்ளர், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. கவிதை என்றார்கள். டீக்கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த டம்ளர்கள் வேறு விஷயத்தையும் சொல்லும். ஒரே மேசைக்கு வந்துவிட்டன, ஆனாலும் இரண்டாகத்தான் இருக்கின்றன.

நம் பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி வட்டம் தோக்கமூரில் தீண்டாமைச் சுவர் இடிபட்டது 2022 அக்டோபரில்தான். சிப்காட்டில் ஒரே ஷிப்ட், ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன். ஆனால் பழக ஆரம்பித்ததும் "எந்த ஊரு?" என்ற கேள்விக்குப் பின்னாலேயே "ஊர்ல எங்க?" என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பயந்து, கம்பெனி பஸ்ஸில் காலனி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரும் ரசிக்காத நுணுக்கமான காட்சி இது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஒருநாளும் உறைப்பதில்லை, ஏனென்றால் உறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சாதியை உடைக்கக் கலப்புமணம்தான் உண்மையான மருந்து என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியது 1936-இல். அந்த மருந்தைக் குடிக்கத் துணிந்தவர்களைத்தான் இன்னும் வெட்டுகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உயிரைக் காப்பாற்ற வாயை மூட வேண்டி வந்தால் மூடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தியாகம் என்று எவராவது புகழ்ந்தால் மயங்காதீர்கள். நண்பர்களிடம், இயக்கத் தோழர்களிடம், வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். சாதி இந்து வீட்டில் பிறந்து இந்தப் படத்துக்குக் கண்ணீர் விட்ட தோழர்களுக்கும் ஒன்று: ஒரு நண்பன் திடீரென்று விலகிப் போனால், அவன் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் அவனிடம் என்ன பேசினார்கள் என்று உங்கள் அப்பாவிடம் போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்.