தென்னைக்கும் ஓர் உறைமோர்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி, கொல்லையில் தென்னை வைத்திருக்கும் சகோதரிகளே! மரத்தின் அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா? 1952 புயலுக்குப் பின் தஞ்சையில் தெரியவந்த வாடல் நோயாக இருக்கலாம். முற்றினால் மரம் தப்பாது.

பாக்டீரியா என்றதும் பயப்படாதீங்க. பாலைத் தயிராக்குவதும் அதுதானே! சூடோமோனாஸ் என்ற மண் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, நோய்ப் பூசணத்துக்குப் போகும் இரும்புச் சத்தைத் தானே இழுத்துக்கொண்டு அதைப் பட்டினி போடும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: மரத்துக்கு ஆண்டுக்கு சூடோமோனாஸ் 200 கிராம், ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணம் 200 கிராம். மக்கின தொழு உரத்தில் கலந்து, ஈரமான பாத்தியில் போடுங்கள். வேப்பம் புண்ணாக்கு 5 கிலோவும் தனியாக வையுங்கள்.

நோய் கண்ட மரத்துப் பாத்தித் தண்ணீரை மட்டும் அடுத்த மரத்துக்கு ஓட விடாதீங்க. நோயும் கூடவே போயிடும்!