சூப்பர்சார்ஜர் அப்புறம், முதலில் பிஸ்டனைப் பாருங்கள்!

காரில் வேகம் போதவில்லை என்று ஏங்குகிற வாலிபர்களுக்கு ஒரு மோகம் உண்டு. அதன் பெயர் சூப்பர்சார்ஜர்!

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி இது. கிராங்கில் இருந்து பெல்ட் போட்டுச் சுற்ற விடுவார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். பெட்ரோல் கூட எரிந்தால் சக்தி கூடும். சங்கதி அவ்வளவுதான்.

கேட்க சுலபமாக இருக்கிறது. வம்பே அதில்தான்!

வெளிநாட்டில் இருந்து பெட்டி வந்து இறங்குகிறது. அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறார்கள். "அண்ணே, ஞாயித்துக்கெழமைக்குள்ள மாட்டிக் குடுத்துடுங்க" என்கிறார்கள்.

விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்பானரைத் தொட மாட்டார். "தம்பி, உள்ளே கம்ப்ரஷன் எவ்வளவு? என்ன பிஸ்டன் கிடக்கு?" என்று கேட்பார்.

பதில் வராது. தம்பி திருதிருவென்று விழிப்பார்!

கடன் வாங்கியும், அப்பாவின் சேமிப்பைக் கரைத்தும் பெட்டி வாங்கத் தெரிகிறது. அது எந்த என்ஜினில் உட்காரப் போகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் இது.

பட்டறைக் கணக்கு

கம்ப்ரஷன் என்பது என்ன? சிலிண்டருக்குள் வந்த காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் எத்தனை பங்கு நெருக்குகிறது என்கிற கணக்கு. பத்து பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்குக்கு நெருக்கினால், 10-க்கு 1.

சாதாரணமாக என்ஜின் தானாக இழுக்கிற காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. சூப்பர்சார்ஜர் இன்னொரு 7 பவுண்டு சேர்த்துத் தள்ளுகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று!

10-க்கு 1 உள்ள என்ஜினில் இதைப் போட்டால், பட்டறைக் கணக்கில் 15-க்கு 1 உள்ள என்ஜின் மாதிரி ஆகிவிடுகிறது. சாதாரண பெட்ரோல் இதைத் தாங்குமா?

தாங்காது. பிளக் கொளுத்திய நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்னே, மூலையில் இருக்கிற பெட்ரோல் தானாக வெடிக்கும். "டக் டக்" என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான்.

சத்தம்தானே என்று விட்டால் ஆபத்து. பிஸ்டன் தலை உருகும். ரிங் உடையும். கேஸ்கட் போகும். பேரிங் அடிவாங்கும். மொத்த என்ஜினும் பழைய இரும்புக் கடைக்குத்தான்!

அதே 7 பவுண்டை 8-க்கு 1 உள்ள என்ஜினில் போட்டால் கணக்கு 12-ஐத் தாண்டாது. நல்ல பெட்ரோலும் சரியான டைமிங்கும் இருந்தால் சமாளிக்கலாம்.

குறைத்தால் நஷ்டமா?

"கம்ப்ரஷனைக் குறைத்தால் சக்தி போய்விடுமே!" என்று வாலிபர்கள் பதறுகிறார்கள்.

போகும்தான். 10-ல் இருந்து 8-க்கு இறக்கினால், ஏட்டுக் கணக்குப்படி நூற்றுக்கு 6 பங்கு போலக் குறையும். ஆனால் 7 பவுண்டு காற்று கொண்டு வருகிற லாபம் அதைவிடப் பல மடங்கு. பெல்ட் சுற்றுகிற செலவும் சூட்டினால் வருகிற நஷ்டமும் போக, லாபமே நிற்கும்.

ஆனால் எப்படி இறக்குவது என்பதில் கோட்டை விடுகிறார்கள். "ரெண்டு கேஸ்கட்டை அடுக்கிப் போட்டா முடிஞ்சுது" என்று சில பட்டறைகளில் யோசனை சொல்கிறார்கள். செலவு குறைவு, வினை அதிகம்.

பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைக் கம்பெனிக்காரன் அளந்துதான் வைத்திருக்கிறான். அந்த இடுக்குதான் பெட்ரோலைச் சுழற்றிச் சீராக எரிய வைக்கிறது. கேஸ்கட்டைத் தடிமனாக்கினால் இடுக்கு அகன்று, எரிவது கெடும். நாக்கிங் குறைவதற்குப் பதில் கூடினாலும் ஆச்சரியம் இல்லை!

நேர்வழி, தலையில் குழி உள்ள ஃபோர்ஜிங் பிஸ்டன் போடுவது. காசு கூடத்தான். ஆனால் சூட்டையும் அடியையும் அதுதான் தாங்கும்.

கேம் ஷாஃப்டிலும் கவனம் வேண்டும். ரேஸ் கேம் என்று வாங்கிப் போடுவதில், காற்று உள்ளே வருகிற வால்வும் புகை போகிற வால்வும் வெகுநேரம் சேர்ந்து திறந்திருக்கும். தானாக இழுக்கிற என்ஜினுக்கு அது சரி. சூப்பர்சார்ஜர் போட்டால், காசு கொடுத்துத் தள்ளிய காற்று சைலென்சர் வழியாக ஓடிவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதை!

சண்டை விமானம் சொன்ன பாடம்

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்களோடு மோதிய ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின். சூப்பர்சார்ஜர் உள்ள என்ஜின் அது.

அதன் கம்ப்ரஷன் எவ்வளவு தெரியுமா? வெறும் 6-க்கு 1!

காற்றை அழுத்தித் தள்ளப் போகிறோம் என்று தெரிந்தே, அடியில் இருந்து அப்படிக் கட்டினார்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் கையில் வந்த பிறகுதான், காற்றழுத்தத்தை ஆறேகால் பவுண்டில் இருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள். அதுவும் ஆபத்து நேரத்தில், 5 நிமிஷத்துக்கு மட்டும்.

முதலில் என்ஜின், அப்புறம் பெட்ரோல், கடைசியில்தான் கூடுதல் காற்று. உயிர் போகிற சண்டையிலேயே இந்த வரிசையை மாற்றவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் பந்தா காட்டுகிறவர்களுக்கு என்ன அவசரம்?

1930-ம் ஆண்டு பிரான்சில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஒரு பாடம் உண்டு. சூப்பர்சார்ஜர் மாட்டிய பென்ட்லி கார்கள் பாதியில் நின்றன. சூப்பர்சார்ஜர் உள்ள மெர்சிடஸ் காரும் நின்றது. ஜெயித்தது, சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய என்ஜின் பென்ட்லி! கம்பெனியைத் தொடங்கிய பென்ட்லிக்கே தன் என்ஜினில் சூப்பர்சார்ஜர் மாட்டுவது பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த சேதி.

"புதுக் கார் மட்டும் எப்படி?"

இப்படி ஒரு கேள்வி வரும். கம்பெனியில் இருந்தே டர்போவோடு வருகிற சில கார்களில் 10-க்கு 1 கம்ப்ரஷன் இருக்கிறதே என்பார்கள்.

நியாயமான கேள்வி. அந்தக் கார்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது, உள்ளே குளிர்கிறது. நாக்கிங் வந்தால் சென்சார் கேட்டு, கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. பிஸ்டன், வால்வு, ரேடியேட்டர் எல்லாமே அதற்காகவே செய்தவை. பழைய என்ஜினில் பெட்டியை மட்டும் மாட்டுகிறவர் அதோடு ஒப்பிடலாமா?

சென்னை வெயிலையும் மறக்கக் கூடாது. மே மாதம் 40 டிகிரி காற்றை 7 பவுண்டு அழுத்தித் தள்ளினால், பழைய ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரில் இருந்து அது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். குளிர்விக்க இன்டர்கூலர் இல்லையென்றால் நாக்கிங் நிச்சயம். குளிர்நாட்டுக்காரன் எழுதிய அளவு இங்கே செல்லாது.

எது முதலில்?

புத்திசாலி பெட்டி வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியது இது:

முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரையும் பார்க்க வேண்டும். ஒன்றில் குறைந்திருந்தால், சூப்பர்சார்ஜர் பேச்சையே எடுக்கக் கூடாது.

அடுத்து, தினமும் எந்த பெட்ரோல் போடப் போகிறோம் என்று முடிவு கட்ட வேண்டும். அதை வைத்து எத்தனை பவுண்டு காற்று என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏற்ற பிஸ்டன், அதற்கு ஏற்ற கேம். பிறகு பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டைமிங், ரேடியேட்டர், கிளட்ச். பிரேக்கையும் சேர்த்துத்தான்!

என்ஜினைப் பிரிக்க வசதி இல்லையா? 5 பவுண்டோடு நிறுத்தி, இன்டர்கூலர் வைத்து, டைமிங்கைச் சரியாக அமைத்து, ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு வழிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 2019-ல் வந்த திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்! விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம்.

வேகம் பார்க்க இடம் இல்லாத ஊர் அல்ல இது. ஒரு காலத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் கார்கள் பறந்தன. இன்று இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் இருக்கிறது. ஆசை உள்ளவர் அங்கே காட்டட்டும். ரோட்டில் மற்றவர் பிள்ளைகளும் நடந்து போகிறார்கள்.

சூப்பர்சார்ஜர் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. அடுப்பு நன்றாக இருந்தால்தான் ஊதுகுழலால் லாபம். விரிசல் விட்ட அடுப்பில் ஊதினால் வீடுதான் பற்றும்.

பெட்டி எங்கேயும் ஓடிப் போகாது. இன்னும் 6 மாதம் மூலையில் கிடக்கட்டும். உருகின பிஸ்டன் திரும்பி வராது!