பழைய லாரி எஞ்சினின் ஓசை: ரிப்பேர் செய்வதா, தள்ளிவிடுவதா?

விளைபொருளை மண்டிக்குக் கொண்டுபோகச் சொந்தத்தில் லாரி வைத்திருக்கும் குடியானவர்களுக்கு, வண்டிக்கு வயது ஏற ஏற ஒரு சங்கடம் நேருவது சகஜம். எஞ்சினில் புதிதாக ஓர் ஓசை கேட்கிறது. அறுவடை முடியட்டும் என்று அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவோர் ஒரு சாரார். அஞ்சி, நிலத்தை அடமானம் வைத்துப் புது லாரி வாங்குவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் விவேகமான வழிகளல்ல. ஓசையின் காரணம் இன்னதென்று அறியுமுன் பெருந்தொகை எதையும் செலவிடலாகாது, பாரமும் ஏற்றலாகாது.

ஓசைகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. மெல்லிய 'டிக், டிக்' என்ற சப்தம் பெரும்பாலும் வால்வுகளின் இடைவெளி அதிகரித்ததால் உண்டாவது. அதைச் சரிப்படுத்தச் சொற்பச் செலவே ஆகும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்தாலும், புகைக்குழாயின் இணைப்பு விட்டுப்போனாலும் பேரோசை எழும். அவற்றால் எஞ்சினுக்கு உடனடி அபாயமில்லை. குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடேறியதும் அடங்கும் சப்தம் பிஸ்டன் தேய்மானத்தைக் குறிக்கும். ஆனால் பாரம் ஏறுங்கால் வலுக்கும் கனத்த 'தட், தட்' என்ற ஓசையுடன், எஞ்சின் சூடான பின் எண்ணெய் அழுத்தமும் குறையுமாயின், பேரிங்கு தேய்ந்ததென்று சந்தேகிக்க வேண்டும். வடித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னினால் சந்தேகம் வலுப்படும்.

இந்நிலையில் வண்டியை அன்றே நிறுத்தி, அடித்தொட்டியைக் கழற்றிப் பார்ப்பது நலம். தேய்ந்தது பேரிங்கு மாத்திரமாயின் அதை மாற்றினால் போதும். கிராங்கு தண்டில் கீறல் விழுந்திருந்தால் அதைக் கடைந்து, அதற்கேற்ற பேரிங்கு பொருத்தலாம். அசட்டையாக ஓட்டினாலோ, கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடக் கூடும். பேரிங்கு செலவோடு போவது எஞ்சின் விலையில் வந்து முடியும்.

நஷ்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. நீலகிரியிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரியை நினைத்துப் பார்க்க. மலைச்சரிவில் வண்டியின் வேகத்தைத் தடுப்பதில் எஞ்சினுக்குப் பெரும்பங்கு உண்டு. காற்றுப் பிரேக்குக்குக் காற்றை அடைப்பதும் எஞ்சினால் ஓடும் கம்பிரஸரே. எஞ்சின் நின்றால் டிரைவரின் உயிரும் எதிரே வருவோர் உயிரும் ஊசலாடும்.

காரணம் தெரிந்தபின் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ரிப்பேருக்கு ரூ. 1,50,000 ஆகும் என்றும், பின்னர் வண்டி 3 வருஷம் உழைக்கும் என்றும் கொள்வோம். வருஷத்திற்கு ரூ. 50,000 ஆகிறது. வரி, இன்ஷூரன்ஸ், டயர், டிரைவர் கூலி முதலியவற்றுக்கு வருஷம் ரூ. 1,20,000 சேர்த்தால் மொத்தம் ரூ. 1,70,000. வாடகை லாரிக்கு டீசல் நீங்கலாக நடை ஒன்றுக்கு ரூ. 2,500 எனில், வருஷத்தில் 68 நடைக்குக் குறைவாக ஓட்டுவோருக்கு வாடகையே மலிவு. அவரவர் தம் ஊர் நிலவரப்படி தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

சேஸிஸையும் உடன் சோதித்தல் அவசியம். சட்டத்தில் துருவும் வெடிப்பும் கண்ட வண்டிக்கு நல்ல எஞ்சின் வைப்பது, சுவர் இடிந்த வீட்டுக்குப் புதுக்கூரை வேய்வது போலாம். 8 வருஷத்துக்கு மேற்பட்ட லாரிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமாதலால், அதில் தேறாதென்று தெரிந்த வண்டிக்கு ரிப்பேர் வீண். அத்தகையதை 2021-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம். கெட்டியான எண்ணெய் ஊற்றி ஓசையை அடக்கிப் பிறர் தலையில் கட்டுவது நேர்மையன்று.

ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமான வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். அடுத்த வருஷத்து வரவுசெலவில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது பொதுப்பணத்துக்குச் சிக்கனமாகாது. எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய தூரம், புதிய ஓசை முதலில் கேட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவார்களாயின், ரிப்பேரா, விற்பனையா என்று தீர்மானிக்க அதுவே தக்க ஆதாரமாகும்.