ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியைத் தேர்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவராக விழையும் மாணவர்க்கு இரு வாயில்கள் உள. ஒன்று எம்.டி. பட்டம், மற்றொன்று டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். இவ்விரண்டாம் வாயிலை நாடுவோர் பலர், 'இஃது எம்.டி.க்கு நிகராகுமோ?' என்னும் ஐயத்திலேயே காலத்தைக் கழிக்கின்றனர். அவ்வினாவிற்கு விடை கிடைத்து நெடுநாளாயிற்று என்பதே என் கருத்து.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் 1892-ஆம் ஆண்டு இத்துறையின் முதற் கல்லூரியை நிறுவினார். 1864-இல் மூளையுறை அழற்சி நோய்க்குத் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்தவர் அவர். அக்காலத்து மருந்துகளில் நம்பிக்கையிழந்து, எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் முறையை வகுத்தார். ஏளனமே முதற்பரிசாயிற்று. எனினும் 1962-இல் கலிபோர்னியாவில் டி.ஓ. மருத்துவர் பலர் 65 டாலர் கட்டணத்தில் எம்.டி. பட்டம் பெற்றனர். இரு பட்டங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அவ்வளவே போலும்! இன்று டி.ஓ. மருத்துவர் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் மருந்து எழுதலாம். அறுவை மருத்துவமும் செய்யலாம். 2020-இல் இரு பிரிவினர்க்குமான பட்டமேற் பயிற்சி ஒரே ஏற்பு முறையின்கீழ் வந்துவிட்டது. (பிரிட்டனில் ஆஸ்டியோபாத் எனப்படுவோர் இவர்களைப் போன்ற முழு மருத்துவர் அல்லர், பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.)

கேட்கத்தக்க வினா வேறொன்றுண்டு: மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நோயாளியை எங்குக் காண்பேன்? இக்கல்லூரிகளுள் பலவற்றிற்குச் சொந்தமான பெருமருத்துவமனை இல்லை. முதலிரண்டாண்டு வகுப்பறையில் கழிந்ததும், மாணவர் தொலைவிலுள்ள சிறு மருத்துவமனைகளுக்கும் தனி மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கும் அனுப்பப்படுகின்றனர். இதில் நன்மையும் உண்டு. சிற்றூர் மருத்துவமனையில் கூட்டமின்மையால் மாணவன் கைக்கு வேலை கிடைக்கும். ஆனால் அங்குப் பட்டமேற் பயிற்சி மருத்துவர் எவருமிலராயின், குழுவாக நின்று நோயை ஆயும் பழக்கத்தை அவன் யாரிடம் கற்பான்? பயிற்சியிடத்தைக் கல்லூரியே உறுதி செய்கின்றதா, மாணவனே அலைந்து தேடவேண்டுமா என்பதையும் சேருமுன் அறிதல் வேண்டும்.

கல்லூரிகள் பறைசாற்றும் வெற்றி விழுக்காடும் ஆராயத்தக்கதே. பட்டமேற் பயிற்சியில் இடம்பெற்றோர் இத்தனை விழுக்காடு என்பர். அக்கணக்கு இறுதியாண்டை எட்டியவரை மட்டுமே கொண்டதாயின், இடையில் நின்றவர் அதில் இடம்பெறார். சேர்ந்தவருள் எத்தனை பேர் நான்காண்டில் முடித்தனர் எனக் கேளுங்கள். புதிதாய்த் தோன்றிய கல்லூரியாயின், பட்டம் பெற்ற அணி ஒன்றேனும் வெளிவந்துள்ளதா எனக் காணுங்கள். ஆண்டுக் கல்விக் கட்டணமே பல இடங்களில் 50,000 டாலரைக் கடந்து நிற்கின்றது. காம்லெக்ஸ் தேர்வோடு எம்.டி. மாணவர்க்குரிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் எழுதுவோர்க்குச் செலவும் உழைப்பும் மேலும் மிகும்.

வண்ண அச்சில் வரும் கையேடு இவற்றைச் சொல்லாது. அக்கல்லூரியின் நான்காமாண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சென்ற திங்கள் எவ்வூரில் தங்கினீர், எத்தனை நோயாளரைக் கண்டீர், அருகிருந்து கற்பித்தவர் யார் என்று கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டலாம்.