கியர் சைக்கிள் வாங்கிட்டா போதுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோடு எல்லாம் அகலம், சமதளம். இங்கே ஓட்ட ஷாக் அப்சார்பர் வைத்த மவுண்டன் பைக் எதற்கு? விலை குறைந்த ஷாக் அப்சார்பர் வெயிட்டைத்தான் கூட்டும். மிதிக்கிற சக்தியிலும் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும்!

1976-ல் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் 'ரீபேக்' பந்தயம் ஆரம்பித்தவர்கள் ஓட்டியது பழைய தடி டயர் சைக்கிள்கள். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடாகி கிரீஸ் புகைந்து போகும், மறுபடி அடைக்கணும். அதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். பொருளை விட பழக்கம்தான் பெரிது.

ஆக, முதல் செலவு ஹெல்மெட். அடுத்தது நல்ல பிரேக் கட்டை, பிடிப்புள்ள டயர்.

ஏற்காடு, கொல்லிமலை மண் பாதைக்குப் போகிறவர்கள் கவனிக்க:

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மண்ணைக் கவ்வும். ரொம்பக் குறைத்தால் ட்யூப் ரிம்மில் நசுங்கி பஞ்சர்தான்.

இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து உடம்பைப் பின்னால் தள்ளணும்.

பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடிக்கணும், திருப்பத்தில் இல்லை.

இன்னொன்று... சுரங்க மண்மேட்டைப் பார்த்தால் ஏறி இறங்க ஆசை வரும். வேண்டாம் நண்பர்களே! அது கொட்டி வைத்த மண், மழையில் சரியும்.

சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற அப்பாக்கள் ஹெல்மெட்டுக்கு யோசிக்கலாமா?