மரத்துப்போன விரல்களும் மருந்துச் சந்தையும்

கொச்சங்காடியிலும் அதைச் சுற்றியுள்ள மட்டாஞ்சேரியிலும் உழைப்பாளி மக்களின் மூலதனம் அவர்களது கைகளே. சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்கள், மூட்டை தூக்கும் சுமைப்பணித் தொழிலாளர்கள், ஃபோர்ட் கொச்சி சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் என எவருக்கும் புற்றுநோய் வரலாம். பாக்ளிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் கட்டியைச் சுருக்கும்போதே விரல் நுனிகளையும் உள்ளங்கால்களையும் மரத்துப்போகச் செய்வதுண்டு. எரிச்சலும் ஊசிக் குத்தலும் வாட்டும், சூடு தெரியாது. மருத்துவ ஏட்டில் இதன் பெயர் பக்கவிளைவு. இஸ்திரிப் பெட்டியை நம்பி வாழ்பவருக்கோ இது வேலையிழப்பு.

இங்கேதான் சந்தை நுழைகிறது. நரம்புக்குப் புத்துயிர் தருவதாகச் சொல்லி எண்ணெயும் மாத்திரையும் விற்கிறது. வாங்குகிறவரை மூடநம்பிக்கையாளர் என எள்ளி நகையாடும் தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்களின் இலக்கு தவறு. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இந்த வலிக்குப் பரிந்துரைப்பது டுலாக்செட்டின் என்ற ஒரே மருந்தைத்தான். அதன் பயனும் அளவானதே. நவீன மருத்துவம் கைவிரிக்கும் இடத்தில் நோயாளி வேறு கதவைத் தட்டுவது இயல்பு.

ஆனால் எல்லாக் கதவுகளும் ஒன்றல்ல. உடற்பயிற்சியும் அக்குபங்சரும் பயன் தரக்கூடும் என்பதற்குத் தொடக்கநிலைச் சான்றுகள் உள்ளன. பாதிப்பைத் தடுக்கும் என நம்பப்பட்ட அசிட்டைல் கார்னிடினோ, பரிசோதனையில் அதை அதிகமாக்கியது. வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். உணர்வற்ற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம்தான் மிஞ்சும். மரத்துப்போவதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால், அவர் மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற இயலும். மாத்திரை விற்பவர் இதையெல்லாம் சொல்வாரா?

ஒன்றிய அரசு யார் பக்கம்? ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கோரும் 170ஆவது விதியை 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதற்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது. பாரம்பரிய மருத்துவத்தின் மீதான மரியாதையா இது? அந்த மருத்துவத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தாமலே விற்க வணிகருக்குத் தரப்பட்ட உரிமம் இது.

கேரளம் வேறு வழி காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலிநிவாரண இயக்கத்தின் அனுபவத்தை, 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு நோய்த்தணிப்புக் கொள்கையாக்கியது. 2024 ஆகஸ்டில் காருண்யா மருந்தகங்களில் புற்றுநோய் மருந்துகள் லாபமின்றி விற்கப்படலாயின. அது போதாது என்பதே நம் வாதம். வீடு தேடி வரும் செவிலியரோடு இயன்முறை மருத்துவரும் வர வேண்டும். அக்குபங்சரும் ஆயுர்வேதப் பிழிச்சலும் பயனுள்ளவையா எனக் களமசேரி அரசுப் புற்றுநோய் மையம் போன்ற பொது நிறுவனங்கள் சோதித்து, பயனுள்ளதை இலவசமாகத் தர வேண்டும். விரல் மரத்த தொழிலாளிக்கு நலவாரியம் வருமான இழப்பீடு வழங்க வேண்டும். வேலையைப் பிச்சைபோல் எறிந்த சாப்பா முறையை எதிர்த்து 1953 செப்டம்பர் 15இல் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்த மட்டாஞ்சேரியின் தொழிற்சங்கங்கள், இக்கோரிக்கையைத் தமது பட்டியலில் முதலில் எழுதட்டும்.